வெள்ளிக்கிழமைக் குன்று

என்னைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லக்கூடாதுதான். ஆனால் வேறு ஒருவரும் முன்வராதபடியால் அந்தக் காலத்தில் அந்த வேலையையும் நானேதான் பார்த்துவந்தேன். 1988ஆம் ஆண்டு லண்டனில் இருந்த தமிழர்களில் கண்ணுக்குத் தெரியாத நஞ்சைக் கண்டுபிடிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான் என்று நான் உறுதியாக நம்பினேன். கலியாணவீடுகளில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் அகப்பட்டவர்களும் நம்பத்தான் வேண்டியிருந்தது. சாப்பாடு வரும்வரை அவர்களுக்கும் போக இடமில்லை.

என் பெயர் குலசேகரம். தெற்கு லண்டனில் சட்டன் என்ற இடத்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு செங்கல் கட்டடத்தில் இருந்தது எங்கள் ஆய்வுகூடம். லண்டனின் உள்ளூராட்சிக் கவுன்சில்கள் கடைகளில் எடுத்த சாப்பாட்டுச் சாமான்களை எங்களுக்கு அனுப்பும். ஜாம் வரும், சொசேஜ் வரும், சில நாட்களில் குழந்தைகளுக்கான பிஸ்கற் வரும். இருக்கக்கூடாதது எதுவும் அவற்றுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. அதற்கு என்னிடம் ஒரு மெஷின் இருந்தது. உண்மையில் அது ஆய்வுகூடத்தின் மெஷின். நான் "என்னிடம்" என்றுதான் சொல்லுவேன்.

மெஷின் என்றால் பெரிய மாயம் ஒன்றுமில்லை. அது ஓர் அடுப்பு. அடுப்புக்குள் சுருட்டி வைத்த நீளமான குழாய். சோதிக்க வந்த சாமானைக் கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, சுண்டவைத்து, அதில் துளியிலும் ஒரு துளியை ஊசியால் குத்தி உள்ளே விட்டால், அது ஆவியாகிக் குழாய்க்குள் ஓடும். ஒவ்வொரு பொருளும் தன் வேகத்தில் ஓடி, தன் நேரத்துக்கு மறுமுனையில் வந்து சேரும். அப்படி வந்து சேரும்போது ஒரு பேனை கடதாசியில் ஏறி இறங்கி ஒரு குன்று வரையும். எத்தனையாவது நிமிடத்தில் குன்று எழும்புகிறது என்பதை வைத்து வந்தவர் யார் என்று சொல்லலாம். மெஷின் நேரத்தை மட்டும்தான் சொல்லும். பெயரைச் சொல்வது நான். இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே நேரத்துக்கு வந்தால் என்ன செய்வது என்று பாடப்புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இருந்தது. அந்த அத்தியாயத்தை நான் மற்றவர்களுக்குப் படிப்பித்திருக்கிறேன்.

அந்த வருடம் எங்கள் மேலதிகாரி பெல்லமி ஒரு மூத்த ஆய்வாளரைத் தெரிவுசெய்ய இருந்தார். அந்தப் பதவி எனக்குத்தான் வரவேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் ஏழு வருடங்களாக நான் சோதித்த சாப்பாடெல்லாம் பெரும்பாலும் நல்ல சாப்பாடாகவே இருந்து தொலைத்தது. பெரிதாக ஏதாவது அகப்பட்டால்தானே ஒரு மனிதன் வெளியே தெரிவான். ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு, அங்கிருந்து நோதேர்ண் லைன் ரயிலில் மோர்டனுக்குப் போய், பஸ் பிடித்து, பத்தரை மணிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினேன். பெல்லமியிடம் அதற்கு விசேஷ அனுமதி வாங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் பெரும்பாலும் அறிக்கை எழுதும் வேலைதான், மெஷினைத் தொடுவது அபூர்வம்.

என் மனைவி செல்வமலர் கற்பூரப் பக்கற்றை என் கையில் தரும்போது ஒருநாள் கேட்டாள். "என்ன சொல்லிக் கும்பிடுறனீங்கள்?"

"ஏதாவது ஒண்டு அகப்பட வேணும் எண்டு."

"சனத்தின்ரை சாப்பாட்டிலை நஞ்சு இருக்கோணும் எண்டு நேத்தி வைக்கிற மனுசனை நான் இப்பத்தான் பாக்கிறன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. விஞ்ஞானம் படிக்காதவர்களோடு இதுதான் கரைச்சல் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

பங்குனி மாதத்தில் கிழக்கு லண்டன் கவுன்சில் ஒன்று சரக்குத்தூள் மாதிரிகளை அனுப்பியது. பயிருக்கு அடிக்கும் மருந்து ஏதும் தூளில் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பன்னிரண்டு பக்கற்றுகள். அவற்றில் ஒன்றைப் பிரித்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. செத்தல் மிளகாயும் கொத்தமல்லியும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் கருக வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துத் தூள். லேபிளில் "தவநாயகி, பிளேஸ்டோ" என்று செய்த ஆளின் பெயரும் ஊரும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. அதே பக்கற் எங்கள் குசினியில் இரண்டு வருடங்களாக இருக்கிறது. லண்டனில் அரைவாசிப் பேருடைய மீன்குழம்பு அந்தத் தூளில்தான் கொதித்தது.

எனக்குப் பழக்கமான தூள், வேறு யாராவது சோதிக்கட்டும் என்று பெல்லமியிடம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தமிழ் ஆட்களின் சாமானென்றால் இவன் கண்ணை மூடிக்கொள்வான் என்று ஒரு வெள்ளைக்காரன் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக, இன்னும் கண்டிப்பாகச் சோதிக்க முடிவுசெய்தேன். மற்றப் பதினொரு பக்கற்றுகளையும் வியாழக்கிழமையே முடித்துவிட்டு இதை மட்டும் தனியாக, ஆறுதலாக, வெள்ளிக்கிழமைக்கு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனை முடிந்தது. கற்பூரப் பக்கற்றில் பாதி மிஞ்சியது. ஆய்வுகூடத்துக்கு வந்து மேல்கோட்டைக் கழற்றினேன். எங்கள் கோட்டுகளைக் கொழுவும் இடம் கழிவறை வாசலில் இருந்தது, கீழே எல்லாருடைய மழைச் சப்பாத்துகளும் கிடக்கும். சாமிக்குக் கொண்டுபோன சாமானை அங்கே தொங்கவிட எனக்கு மனம் வராது. ஆகவே வழக்கம்போலப் பக்கற்றை எடுத்து, வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டின் பைக்குள் பக்குவமாக வைத்தேன். அதே பைக்குள்தான் ஊசி துடைக்கும் மெல்லிய கடதாசிகளையும் வைத்திருப்பேன்.

சோதனை தொடங்குமுன் வெறும் கரைப்பானை மட்டும் ஒருமுறை மெஷினுக்குள் விட்டுப் பார்க்கவேண்டும். அதை நாங்கள் பிளாங்க் என்போம். வெறும் கரைப்பானில் குன்று ஏதும் எழும்பினால் அழுக்கு சாமானில் இல்லை, உன்னில் இருக்கிறது என்று அர்த்தம். அதை அன்றன்றைக்கே செய்யவேண்டும் என்பது விதி. நான் வியாழக்கிழமை செய்தது சுத்தமாகத்தானே இருந்தது, ஓர் இரவில் என்ன குடியா முழுகப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஊசியைத் துடைத்தேன், தூளின் சாற்றில் ஒரு துளி எடுத்தேன், குத்தினேன். பயிர் மருந்து ஒன்றும் வரவில்லை. ஆனால் பதினோராவது நிமிடம் தாண்டியதும் பேனை மெல்ல ஏறி ஒரு குன்று போட்டது. மறுபடி துடைத்து மறுபடி குத்தினேன். குன்று கொஞ்சம் பெரிதாகவே வந்தது. பட்டியலைப் பார்த்தேன். அந்த நேரத்துக்கு வருகிறவர் நப்தலீன். அதாவது அந்துருண்டை. சேலைப் பெட்டிக்குள் போடுகிற அந்துருண்டை.

என் நெஞ்சு படபடவென்று அடித்தது. உண்மையைச் சொல்கிறேன், அது பயத்தில் அடித்தது அல்ல, சந்தோஷத்தில் அடித்தது. முருகா, கண்ணைத் திறந்துவிட்டாய் என்று மனதுக்குள் சொன்னேன். முருகனுக்குக் கேட்டதைக் கொடுக்கத் தெரியும். இரசாயனம் அவர் படிக்கவில்லை. படித்தவன் நானிருந்தும் ஒரு பிரயோசனமும் இல்லை.

பெல்லமி கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நிச்சயமா, குலா?" என்று கேட்டார். நிச்சயம் என்றேன். எதற்கும் மாஸ் ஸ்பெக் இருக்கிற வேறோர் ஆய்வுகூடத்துக்கு மிச்சச் சாற்றை அனுப்புவோம், அந்த மெஷின் பொருளைப் பெயரோடு சொல்லும், ஆனால் மறுமொழி வர மூன்று நான்கு கிழமை எடுக்கும் என்றார். அதுவரையில் என் முடிவை வைத்துக் கவுன்சிலுக்கு அறிவித்தார். திங்கட்கிழமை கவுன்சில் ஆட்கள் கடை கடையாகப் போய்த் தவநாயகியின் பக்கற்றுகளை எடுத்துவிட்டு, மறு அறிவித்தல் வரை விற்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த அறிவித்தல் கடைகளுக்குப் போவதற்கு முன்பே நான் என் வாயைத் திறந்துவிட்டேன். சனிக்கிழமை ஒரு கலியாணவீடு. சோதனை முடிவுகளை வெளியில் சொல்லக்கூடாது என்று நான் ஒப்பமிட்டிருக்கிறேன். ஆகவே பெயரைச் சொல்லவில்லை. "பிளேஸ்டோவிலை இருந்து வாற தூளுகளிலை கொஞ்சம் கவனமா இருங்கோ, அந்துருண்டை இருக்குப் போலை" என்று மட்டும் சொன்னேன். பிளேஸ்டோவிலிருந்து ஒரே ஒரு தூள்தான் வந்தது. நான் சொன்னதும் மூன்றே மூன்று பேருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குள் அது சட்டனுக்கும் வந்து, ஈஸ்ற்ஹாமுக்கும் போய், திரும்பவும் என் வீட்டு ரெலிபோனுக்கே வந்துவிட்டது. செல்வமலரின் சிநேகிதி இம்மாகுலேற் எடுத்து, தவநாயகி எடை கூட்டுவதற்காக அந்துருண்டையை அரைத்துக் கலக்கிறாளாம் என்று சொன்னாள்.

செல்வமலர் ரெலிபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப ரண்டு வருசமா நாங்களும் அந்துருண்டைதான் சாப்பிட்டிருக்கிறம். உங்களை இன்னும் பூச்சி அரிக்காமல் இருக்கிறதுக்கு அதுதான் காரணம் போலை."

"இது பகிடி இல்லை" என்றேன்.

"ஓம், பகிடி இல்லை. அந்த மனுசி ரண்டு பொம்பிளைப் பிள்ளையளோடை தனிய வந்து, இந்தத் தூளை வறுத்துத்தான் சீவிக்குது. உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?"

"மெஷின் பொய் சொல்லாது" என்றேன். இதை அந்த மாதத்தில் நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கில்லை.

அடுத்த கிழமை தவநாயகியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தன் தூளை விற்ற கடைக்காரர் பஸ்தியாம்பிள்ளையிடம் விலாசம் வாங்கியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, கம்பளிக் கோட்டு, இரண்டு கையிலும் இரண்டு பெரிய பைகள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. பைகளைத் திறந்து மேசையில் சின்னச் சின்னப் பொட்டலங்களாக எடுத்து வைத்தார். மிளகாய் தனி, மல்லி தனி, மிளகு தனி, வெந்தயம் தனி.

"தம்பி, ஒவ்வொண்டாப் பாருங்கோ. எதிலை பிழை இருக்கெண்டு சொல்லுங்கோ, அதை விட்டிடுறன்."

"அக்கா, அப்பிடி வீட்டிலை வைச்சுப் பாக்க ஏலாது. அதுக்கெண்டு முறை இருக்கு."

"என்ரை வீட்டிலை அந்துருண்டையே இல்லை தம்பி. அந்த மணம் எனக்குத் தலையிடி. வேணுமெண்டால் வந்து பெட்டியளைத் திறந்து பாருங்கோ."

நான் அவருக்கு ஒரு விரிவுரை நிகழ்த்தினேன். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் என்ன, மூக்குக்குத் தெரியாதது மெஷினுக்கு எப்படித் தெரியும் என்றெல்லாம் கடதாசியில் குன்று கீறிக் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டார். நடுவில் இரண்டு தரம் "ஓம்" என்றார். கடைசியில், "நான் என்ரை பேரைப் போட்டெல்லோ வித்தனான், தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பொட்டலங்களைத் திரும்பப் பைகளுக்குள் அடுக்கினார். கடைகள் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டன, கவுன்சில் விட்டாலும் சனம் வாங்காது என்று பஸ்தியாம்பிள்ளை சொல்லிவிட்டார் என்பதை வாசலில் நின்று செல்வமலரிடம்தான் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. அன்றிரவு செல்வமலர் வேறொரு கடைத் தூளில் ஒரு கறி வைத்துத் தந்தாள், வாயில் வைக்க முடியவில்லை.

நான்காம் கிழமை மாஸ் ஸ்பெக் மறுமொழி வந்தது. அது நப்தலீன் இல்லை. கற்பூரம்.

பெல்லமி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இரண்டும் எங்கள் குழாயில் கிட்டத்தட்ட ஒரே நேரத்துக்கு வருகிறவை, இப்படி நடப்பதுதான் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். "ஆனால் சமையல் தூளில் ஏன் கற்பூரம்?"

இந்த இடத்தில் என் அறிவு மறுபடியும் வேலை செய்தது. இந்துக்கள் சாமிக்கு முன்னால் கற்பூரம் கொளுத்துவார்கள், அந்தப் பெண் தூள் வறுக்கிற குசினியில் கொளுத்தியிருப்பார் என்று விளங்கப்படுத்தினேன். தீபாராதனை எப்படிக் காட்டுவது என்று கையைச் சுற்றியும் காட்டினேன். அப்படிக் காட்டிய கை, அன்று காலையில்தான் ஆர்ச்வேயில் கற்பூரச் சுடரை ஒற்றிக்கொண்ட கை. அன்றும் வெள்ளிக்கிழமை. அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பெல்லமி மிகவும் திருப்திப்பட்டு, இப்படிப்பட்ட பண்பாட்டு அறிவு எங்களிடம் இருப்பது எவ்வளவு நல்லது என்றார்.

தவநாயகிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பதால் கவுன்சில் என்னையே அவரோடு ரெலிபோனில் கதைக்கச் சொன்னது.

"அக்கா, நீங்கள் தூள் வறுக்கிற இடத்திலை கற்பூரம் கொளுத்துறனீங்களோ?"

"ஓம் தம்பி. குசினியிலை ஒரு பிள்ளையார் படம் வைச்சிருக்கிறன். அடுப்பு மூட்ட முதல் ஒரு துண்டு கொளுத்துவன். அதோ பிழை?"

"அதுதான் போலை."

"ஐயோ. அப்ப எல்லாம் நான் செய்த வேலைதானோ. உங்களை வீட்டிலை இருந்து வீணாத் திட்டிப்போட்டன் தம்பி, மனசிலை வையாதேங்கோ."

இனிமேல் குசினியில் கொளுத்தாமல் புதிதாக ஒரு தூள் செய்து அனுப்பவேண்டும், அது சுத்தமாக இருந்தால் விற்க விடுவார்கள் என்று சொன்னேன். அன்றைக்கே பிள்ளையாரைக் குசினியிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றார். ரெலிபோனை வைத்தபோது, ஒரு சிக்கலான விஷயத்தைப் பக்குவமாகத் தீர்த்துவிட்டேன் என்று எனக்கு நல்ல நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கன்னத்தில் நாலு போடவேண்டும்போல இருக்கும்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கென்ற் பக்கமிருந்து வந்த ஸ்ரோபெரி ஜாம் ஒன்றைச் சோதித்தேன். பதினோராவது நிமிடம் தாண்டியதும் பேனை மெல்ல ஏறி ஒரு குன்று போட்டது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கென்றில் ஜாம் காய்ச்சுகிற வெள்ளைக்காரன் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டா அடுப்பு மூட்டுகிறான்? வெறும் கரைப்பானை எடுத்தேன். பையிலிருந்து கடதாசி எடுத்து ஊசியைத் துடைத்தேன். குத்தினேன். வெறும் கரைப்பானிலும் குன்று. அலுமாரியிலிருந்து புதுக் கடதாசிப் பெட்டி ஒன்றை உடைத்துத் துடைத்துக் குத்தினேன். பேனை நேர்கோட்டில் போனது. பிறகு மெதுவாக என் பைக்குள் கையை விட்டேன். பாதிக் கற்பூரப் பக்கற். வாய் திறந்தபடி.

ஸ்ரூலில் இருந்துவிட்டேன். தூளில் இல்லாத ஒன்றை ஊசியில் தடவி, ஊசியால் சாற்றுக் குப்பிக்குள் கலந்து, அந்தக் குப்பியையே மாஸ் ஸ்பெக்குக்கும் அனுப்பி, அங்கே இருந்து சான்றிதழும் வாங்கியிருக்கிறேன். லண்டனிலேயே மிகச் சுத்தமான தூளை இவ்வளவு சிரமப்பட்டு அழுக்காக்கியவன் நான்தான்.

உடனே பெல்லமியிடம் ஓடினேன் என்று சொல்ல ஆசை. ஓடவில்லை. மூன்று நாள் யோசித்தேன். தவநாயகியின் புதுத் தூள் வந்துவிட்டது. அதை நான் வெறும் பையோடு சோதித்தால் சுத்தமாக இருக்கும், தடை நீங்கும், அவர் தன் பிழையென்றே நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார், எனக்குப் பதவி வரும். ஒருவருக்கும் நட்டமில்லை என்று கணக்குப் போட்டேன். திங்கட்கிழமை பின்னேரம் இந்தக் கணக்கைச் செல்வமலரிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே, "அப்ப அந்த மனுசி இனிச் சாகுமட்டும் பிள்ளையாராலைதான் தன்ரை பிழைப்புப் போனதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கும். அது பறவாயில்லையோ?" என்று கேட்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பெல்லமியின் மேசையில் கற்பூரப் பக்கற்றையும் எல்லாக் கடதாசிகளையும் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் பக்கற்றை எடுத்து மணந்து பார்த்தார். "அன்றைக்கு பிளாங்க் ஓட்டவில்லையா, குலா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவ்வளவுதான். கவுன்சிலுக்கு அன்றே திருத்தம் போனது. மூத்த ஆய்வாளர் பதவி வேல்ஸ்காரி ஒருத்திக்குப் போனது, நல்ல கெட்டிக்காரி. அடுத்த மாதம் ஆய்வுகூடத்தில் எல்லாருடைய வெள்ளைக் கோட்டுப் பைகளையும் தைத்து மூடச்சொல்லி உத்தரவு வந்தது. பேனை வைக்க இடமில்லாமல் எல்லாரும் காதில் செருகிக்கொண்டு திரிந்தார்கள். பிரித்தானிய விஞ்ஞானத்துக்கு என் பங்களிப்பு அதுதான்.

சனிக்கிழமை பிளேஸ்டோவுக்குப் போனேன். செல்வமலர் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். தவநாயகி கதவைத் திறந்து, "வாங்கோ தம்பி, கவுன்சில் கடிதம் வந்திட்டுது, தடை இல்லையாம்" என்று சிரித்த முகத்தோடு சொன்னார். தேத்தண்ணி போட உள்ளே போகத் திரும்பினார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டுப் பை, ஊசி, கடதாசி, ஜாம்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "அப்ப நான் கொளுத்தினதாலை இல்லையோ?"

"இல்லை அக்கா."

"பிள்ளையாருக்குக் கொளுத்தினது தூளிலை பிடிக்கேல்லையோ?"

"இல்லை. உங்கட தூளிலை ஒண்டுமே இருக்கேல்லை. எல்லாம் என்ரை பையிலை இருந்தது."

அவர் குசினிப் பக்கம் பார்த்தார். சுவரில் படம் இருந்த இடத்தில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. "நான் அவரைத் துணியிலை சுத்தி அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டன், தம்பி" என்றார். "என்னைக் கெடுத்தது நீதானோ எண்டு ஒருநாள் அவரைக் கேட்டும் போட்டன்."

நான் ஏதோ மன்னிப்பு என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கவுன்சில் கடிதம் இங்கிலீசிலை இருக்கு. அதை ஆர் வாசிக்கப் போயினம்? சனம் கவுன்சில் சொன்னதைக் கேட்டோ என்ரை தூளை விட்டது? நீங்கள் சொன்னதைக் கேட்டெல்லோ விட்டது. நீங்களே எழுதித் தாங்கோ. தமிழிலை. எல்லாக் கடையிலும் ஒட்டவேணும்."

மேசையில் இருந்து எழுதினேன். "ஆய்வின்போது ஏற்பட்ட ஒரு சிறு தவறு காரணமாக" என்று தொடங்கினேன். அவர் என் தோளுக்கு மேலால் வாசித்தார்.

"ஏற்பட்டதோ? அது தானா வந்து ஏற்பட்டதோ?"

வெட்டிவிட்டு மறுபடி எழுதினேன். நாலாவது கடதாசியில்தான் அவருக்குச் சரிவந்தது. "தவநாயகியின் தூளில் ஒரு குற்றமும் இல்லை. அதில் அந்துருண்டை இருக்கிறது என்று சொன்னவன் நான். அது பிழை. என் கையில் இருந்த அழுக்கை அவருடைய தூளில் கண்டேன்." கீழே க. குலசேகரம் என்று ஒப்பமிட்டேன்.

"பட்டத்தையும் போடுங்கோ" என்றார் தவநாயகி.

"அது எதுக்கு அக்கா?"

"படிச்ச ஆள் சொன்னதெண்டுதானே சனம் நம்பினது. இல்லையெண்டும் படிச்ச ஆளே சொல்லட்டும்."

பி.எஸ்ஸி. என்று போட்டேன். தபாற்கந்தோரில் பதினாறு பிரதி எடுத்தோம். தூள்ப் பையை அவரும் கடதாசிக் கட்டையும் பசைநாடாவையும் நானுமாக முதலில் பஸ்தியாம்பிள்ளையின் கடைக்குப் போனோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு தூள் வைக்கும் தட்டில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். தவநாயகி பக்கற்றுகளை அடுக்கினார். நான் தட்டுக்கு மேலே, எல்லாருக்கும் தெரியும் உயரத்தில், ஒட்டினேன்.

சனிக்கிழமைக் கூட்டம். நாலைந்து பேர் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் பக்கற்றைத் தொடவில்லை. தவநாயகி தட்டுக்குப் பக்கத்தில் நின்று பக்கற்றுகளை நேராக்குவதும் மறுபடி நேராக்குவதுமாக இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. இன்னும் பதினைந்து கடை இருக்கிறது.

அப்போது ஒரு பெண் வந்தார். தள்ளுவண்டியில் குழந்தை, கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். கடதாசியை முணுமுணுத்தபடி வாசித்து முடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம், "ஆர் அண்ணை இந்த விசரன்?" என்று கேட்டார்.

கடைக்குள் என்னைத் தெரிந்தவர்கள் பஸ்தியாம்பிள்ளையும் தவநாயகியும் மட்டும்தான். பஸ்தியாம்பிள்ளை கல்லாவைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தவநாயகி என் பக்கம் திரும்பவேயில்லை. தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆளும் போய்விடுவார்.

"நான்தான், பிள்ளை" என்றேன்.

அவர் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

"உண்மையாவே ஒண்டும் இருக்கேல்லையோ?"

"ஒண்டும் இருக்கேல்லை. என்ரை வீட்டிலையும் இதுதான்."

"கடையளிலை வாற மற்றத் தூளை வைச்சு ஆறு கிழமையா மனுசன் சட்டியைத் தள்ளி வைக்குது" என்றார் அந்தப் பெண் தவநாயகியிடம். குனிந்து இரண்டு பக்கற்றுகளை எடுத்து முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் வைத்தார். கல்லாவுக்குப் போகும் வழியில் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து இன்னும் ஒன்று எடுத்தார்.

தவநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "வாங்கோ தம்பி, அடுத்த கடை" என்று சொல்லிப் பையைத் தூக்கினார்.